எக்ஸ்எஃப்சிஇ தொகுப்பும் மின்வெட்டும்

லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) திரைச்சூழலை மூலநிரலிலிருந்து தொகுக்கும் (கம்பைல் செய்யும்) முறையை விளக்கிய ஒரு கட்டுரையாளர், அதன் பொதிகளை (மென்பொருள் பகுதிகளை) எந்த வரிசையில் நிறுவுவது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். என் பார்வையில் சிக்கல் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் தொடங்குகிறது. லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூடில், அதன்பின் எக்ஸ்எஃப்கான்ஃப், அடுத்து லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூஐ என அடித்தள நூலகங்களை நிறுவிய பிறகே பேனல் (பணிப்பட்டை), துனார் (கோப்பு மேலாளர்) முதலியவற்றைத் தொட வேண்டும். வீட்டு அடைவுக்குள் தனியாக நிறுவுவோர் நூலகங்களைத் தேட வேண்டிய இடத்தைச் சொல்லும் பிகேஜி_கான்ஃபிக்_பாத் (PKG_CONFIG_PATH) மாறியில் அந்த இடத்தைக் குறிப்பிடத் தவறினால், சற்றுமுன் நிறுவிய நூலகத்தையே காணவில்லை என்று, தொகுப்புக்கு முன் தேவையானவற்றைச் சரிபார்க்கும் கான்ஃபிகர் நிரல் நின்றுவிடும். (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் இதில்தான் தொலைத்தேன்.)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், சுழற்சி மின்வெட்டு நிலவிய காலத்தில், என் தொகுப்பு பலமுறை பாதியில் நின்றது. தொகுப்பை நடத்தும் மேக் (make) கருவி, கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டுமே மறுபடி தொகுப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு (மூலநிரலைத் தொகுத்துக் கிடைக்கும் இடைநிலைக் கோப்பு) வெறுமையாகக் கிடந்தாலும், அதன் நேரம் புதியது என்பதால் மேக் அதை முடிந்ததாகவே கருதிவிடுகிறது, அந்தக் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கட்டத்தில்தான் பிழை வெளிப்படுகிறது. அத்தகைய நிலையில், எல்லாவற்றையும் அழித்துத் தொடக்கத்திலிருந்து தொகுப்பதற்கு முன், அளவு 0 பைட்டாக உள்ள கோப்புகளைத் தேடி நீக்கிப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்தது.