நாத்திகத்தைக் காப்பாற்றிக் கொடுத்த ஆத்திகர்கள்

நாத்திக எழுத்துகளைத் திரட்டி கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் 2007-ல் தொகுத்த 'த போர்ட்டபிள் எத்தியிஸ்ட்' நூலைப் பற்றி யார் கேட்டாலும் வாங்கிப் படிக்கத்தான் சொல்வேன். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமக் கவி லுக்ரீஷியஸில் தொடங்கி உமர் கய்யாம், ஸ்பினோசா, ஹியூம், மார்க்ஸ், டார்வின், மார்க் ட்வைன், ரஸ்ஸல் என்று சல்மான் ருஷ்டி வரை வருகிறது. தலையணை கனம். நடுவில் சில கட்டுரைகள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியை எழுதியவர் நாத்திகரே அல்ல. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல், கடவுள் நம்பிக்கை உள்ளவர். 1776 ஜூலையில், சாகக் கிடந்த தத்துவவாதி டேவிட் ஹியூமைப் பார்க்க எடின்பரோவில் அவர் வீட்டுக்குப் போகிறார். கடைசி நேரத்திலாவது மனுஷன் அசைந்து கொடுக்கிறாரா என்று பார்க்கிற ஆவல்தான். மறுமை என்று ஒன்று இருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்கிறார். தீயில் போட்ட நிலக்கரித் துண்டு எரியாமல் போகவும் வாய்ப்பு உண்டுதானே என்கிறார் ஹியூம். இல்லாமல் போய்விடுவோம் என்ற நினைப்பு உறுத்தவில்லையா என்றால், பிறப்பதற்கு முன்னால் இல்லாமல் இருந்தது உறுத்தாத மாதிரி இதுவும் உறுத்தவில்லை என்று லுக்ரீஷியஸைத் துணைக்கு அழைக்கிறார். பாஸ்வெல் கலங்கிப்போய்த் திரும்புகிறார், அதை மறைக்காமல் எழுதியும் வைக்கிறார். அடுத்த மாதம் ஹியூம் இறந்துபோனார். ஹியூமின் சீடர் யாராவது இதை எழுதியிருந்தால் நான் பாதிதான் நம்பியிருப்பேன்.

சரி, குறைக்கு வருகிறேன். இத்தனை பெரிய தொகுப்பில் உலகாயதம் இல்லை. சார்வாகம் என்றும் சொல்வார்கள், கடவுளையும் மறுமையையும் மறுத்த நம் பழைய தத்துவம், அது இல்லை. கிரேக்க, ரோம மரபிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போகிற பாதை, இடையில் பாரசீகத்துக்கு ஒரு எட்டு. இதை வெறும் மேற்கத்திய மமதை என்று திட்டிவிட்டுப் போகலாம், முகநூலில் அது சுலபமும்கூட. ஆனால் தொகுப்பாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எடுத்துப் போட முழு நூல் எங்கே இருக்கிறது? உலகாயதரின் மூலநூல் எதுவும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய 'சர்வதரிசன சங்கிரகம்' சார்வாகத்தைத்தான் முதல் அத்தியாயமாக வைக்கிறது, அடுத்தடுத்த அத்தியாயங்களில் மறுப்பதற்காக. ஜயராசி பட்டரின் 'தத்துவோபப்லவசிம்மம்' ஒன்றுதான் முழு நூலாகத் தப்பியது. அவர் சார்வாகரா, எல்லாவற்றையும் சந்தேகித்தவரா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. அந்த ஓலைச்சுவடி 1926-ல் கிடைத்த இடம் குஜராத்தின் பாடணில் இருந்த ஒரு சமணச் சுவடி பண்டாரம். அச்சில் வந்தது 1940-ல்.

வேறு ஊர்களிலும் இதே கதைதான். லுக்ரீஷியஸின் காவியத்தைப் படியெடுத்துக் காத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். 1417-ல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ அதைக் கண்டெடுத்தது ஒரு மடத்தில். தீர்க்கதரிசிகள் எதற்கு என்று கேட்ட மருத்துவர் அபூ பக்ர் அல்-ராஸியின் வாதங்கள், அவரை மறுத்து எழுதிய அபூ ஹாத்திம் அல்-ராஸியின் நூலில்தான் நமக்குக் கிடைக்கின்றன. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

அதனால்தான் தமிழில் இப்படியொரு தொகுப்பு வந்தால் அதன் முன்பாதியை நாத்திகர் நூல்களில் தேடக் கூடாது என்கிறேன். மணிமேகலையில் சமயக்கணக்கர் திறம் கேட்கும் காதையை எடுங்கள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறக்கிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறான் பூதவாதி. முற்பிறப்பு அறிந்த மணிமேகலை சிரிக்கிறாள். அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கும், ஐயத்துக்கு உரியது என்கிறான் அவன். உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நல்ல அடி. கண்ணால் காண்பது மட்டுமே சான்று என்பவர்கள் இன்றைக்கும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சாத்தனார் பௌத்தப் பக்கம், தீர்ப்பும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் பூதவாதியை முட்டாளாக ஆக்கவில்லை. சமணக் காப்பியமான நீலகேசியில் பூதவாதத்துக்குத் தனிச் சருக்கமே உண்டு. அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் வந்து நிற்பவன் உலகாயதன்.

அப்புறம் நவீன காலம். அங்கே பஞ்சமே இல்லை. 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவ விவேசினி' இருக்கிறது. பேராசிரியர் வீ. அரசு அதைத் தொகுத்துத் தந்த பிறகும் நாத்திகம் என்றால் 1925 குடிஅரசிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். பெரியாருக்கு நாற்பது ஆண்டு முன்னால் இதே சென்னையில் ஒரு கூட்டம் பத்திரிகை நடத்தி வாதாடியது என்பதை நம் மேடைகள் ஏனோ சொல்வதில்லை. லாகூர் சிறையில் 1930-ல் பகத் சிங் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையை ஜீவா தமிழாக்கியதும் தொகுப்பில் இருந்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முழுசாகச் சேருங்கள். சிவவாக்கியரின் "நட்ட கல்லைத் தெய்வமென்று" பாட்டை நாத்திகப் பாட்டாக வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள், "நட்ட கல்லும் பேசுமோ" என்பதோடு வெட்டிவிடுகிறார்கள். அடுத்து வருவது "நாதன் உள்ளிருக்கையில்". நாதன் உள்ளே இருக்கிறான் என்பவர் எப்படி நாத்திகர் ஆவார்? சிலை வழிபாட்டை மறுத்தவர் என்று போடுங்கள், அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஐன்ஸ்டைன் சொன்னதை வெட்டி எடுத்து, அவர் நம்ம ஆள் என்று ஆத்திகரும் நாத்திகரும் செய்கிற அதே வேலைதான் இது.

என் ஆசை இதுதான்: இடப்பக்கம் உலகாயதன் வாதம், வலப்பக்கம் சித்தியாரின் மறுப்பு, இரண்டுக்கும் இன்றைய தமிழில் உரை. தத்துவ விவேசினிக் கட்டுரைகளுக்கும் எதிர்த்தரப்பு எழுதியதைத் தேடிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பகுத்தறிவுப் பதிப்பகங்களுக்கு வலப்பக்கம் உறுத்தும், சைவப் பதிப்பகங்களுக்கு இடப்பக்கம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அச்சடிக்கத் துணிந்த பதிப்பாளர் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் சொல்லுங்கள், மெய்ப்புத் திருத்தும் வேலையை நான் சும்மா செய்து தருகிறேன்.