டி-ஷர்ட் கலர் முடிவாகிவிட்டது

எங்கள் செட் 1998-ல் சேர்ந்து 2001-ல் வெளியே வந்தது. பி.எஸ்சி. கணிதம், பாளையங்கோட்டை. 2026 வந்தால் 25 வருடம், வெள்ளி விழா கொண்டாடியே தீர வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதமாக ஒரே அமளி. டி-ஷர்ட் என்ன கலர் என்பதற்கு மட்டும் 140 மெசேஜ். எண்ணிப் பார்த்தேன், கணக்குப் படித்த புத்தி. வகுப்பில் 48 பேர் இருந்தோமே, மீதிப் பேரை எப்போது தேடப் போகிறோம் என்று நடுவில் நான் ஒரு மெசேஜ் போட்டேன். அதற்கு வந்தது இரண்டே இரண்டு கட்டைவிரல்.

ஆண்கள் 29, பெண்கள் 19. ஆண்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவன் 2009-ல் பைக் விபத்தில் போனான், இன்னொருவன் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில். மற்ற 27 பேரும் ஆரம்பத்தில் குரூப்பில் இருந்தார்கள். பெண்கள் 12 பேர்தான். மீதி ஏழு பேரைப் பற்றி "அவங்களுக்கு இண்ட்ரஸ்ட் இல்ல போல" என்று ஒரு நண்பர் போகிற போக்கில் எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. குரூப் என்று ஒன்று இருப்பதே தெரியாதவளுக்கு இண்ட்ரஸ்ட் எங்கிருந்து வரும்?

ஒரு ஆண் துபாய்க்குப் போனாலும் சிறுசேரிக்குப் போனாலும் பெயர் அதேதான், இனிஷியல் அதேதான், ஊரில் அப்பா வீடு இருக்கும், தெருமுனை டீக்கடையில் கேட்டால் நம்பர் கிடைத்துவிடும். எங்களுக்கு அப்படியா? வருகைப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் நின்ற அப்பாவின் எழுத்து போய் கணவரின் எழுத்து வந்திருக்கும். ஊர் மாறியிருக்கும், சிம் அவர் பெயரில் இருக்கும். முகநூலில் தேடினால் ரோஜாப்பூ படமோ குழந்தை படமோதான் வரும், பெயருக்குப் பின்னால் நமக்குத் தெரியாத ஒரு ஆண் பெயர் ஒட்டியிருக்கும். நானே அப்படித்தானே இருந்தேன். முகநூல் மாதிரியே இருந்த ஆர்குட் காலத்தில் பையன்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டார்கள், எனக்கு அப்போது வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. 2014-ல் ஆர்குட்டை மூடிய பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியும்.

சரி, புலம்பி என்ன ஆகப்போகிறது என்று பரணில் இருந்து ஆட்டோகிராஃப் நோட்டை இறக்கினேன். ஜிகினா ஒட்டி, நாலு கலர் பேனாவில் 'மறவாதே' என்று எழுதி, கீழே முகவரி. அப்போது எங்கள் வகுப்பில் ஒருவரிடமும் செல்போன் கிடையாது. வீட்டில் லேண்ட்லைன் இருந்தது ஏழெட்டுப் பேருக்கு. மற்றவர்கள் எழுதியது பி.பி. நம்பர்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும்: பக்கத்து வீட்டு நம்பர், மளிகைக்கடை நம்பர், பூத் நம்பர், எதுவானாலும் அதில் கூப்பிட்டு இன்னாரைக் கூப்பிடுங்கள் என்றால் யாராவது ஓடிப்போய் அழைத்து வருவார்கள், நாம் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் கூப்பிட வேண்டும். பின்னால் ஆறு இலக்க நம்பருக்கு முன்னால் ஒரு 2 போட்டு ஏழாக்கினார்கள் இல்லையா, அந்த 2-ஐயும் சேர்த்து மொத்தம் ஒன்பது நம்பர்களுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

முகவரி மட்டும் மிச்சம். த/பெ இன்னார், மேலத்தெரு, இன்ன ஊர், இன்ன ஊர் வழி. போஸ்ட் ஆபீஸில் ஏழு தபால் அட்டை வாங்கினேன். இன்னும் 50 பைசாதான், கவுண்டரில் இருந்த தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா பெயரைப் போட்டு, உங்கள் மகளோடு படித்தவள் நான், அவளிடம் என் நம்பரைக் கொடுங்கள் என்று எழுதினேன். கிராமத்துத் தபால்காரருக்கு ஆள் தெரியும். மூன்றே வாரத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள்.

அதில் ஒருத்தி முக்கூடல் பக்கம் இருக்கிறாள். வகுப்பில் ஆல்ஜீப்ராவில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நாங்களெல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் அவள் நோட்டுக்காகக் க்யூவில் நிற்போம். "ஏட்டி, நெசமாவே நீதானா?" என்று மூன்று தரம் கேட்டாள். பி.எட். முடிக்க வசதிப்படவில்லை, கொஞ்ச நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாளாம், இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. விழாவுக்கு வா என்றேன். "அவுகட்ட கேட்டுச் சொல்லுதேன்," அப்புறம் குரலைத் தணித்து, "துட்டு எவ்வளவு ஆகும்?"

என் கோபமே இங்கேதான். குரூப்பில் பேசி வைத்திருப்பது குற்றாலத்தில் ரிசார்ட், இரண்டு நாள், ஆளுக்கு 6,000 ரூபாய், குடும்பத்தோடு வந்தால் தனி. ட்ரோன் கேமரா வேறு. அந்தத் தொகையை ஒரு சொடுக்கில் அனுப்பக்கூடியவர்கள் எங்களில் பதினைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் 'வேலை இருக்கு', 'மகளுக்குப் பரீட்சை' என்று காரணம் சொல்வார்கள், யாரும் காசில்லை என்று எழுத மாட்டார்கள். முடியாதவங்களுக்கு நாம போட்டுக்கலாம் என்று ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் வருவாளா? நானாக இருந்தால் வரமாட்டேன்.

குரூப்பே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை மறக்க முடியுமா, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல், தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. அதுவரை குட்மார்னிங் பூவும் தேர்தல் சண்டையுமாக இருந்த இதே குரூப்தான் அந்த மூன்று நாள் தூங்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மாட்டிக்கொண்டதே, அதில் எங்கள் செட்டில் ஒருவனின் அம்மாவும் இருந்தார். அவரிடம் பேச முடிந்ததா, சாப்பிட்டாரா என்று சென்னையிலும் ஷார்ஜாவிலும் உட்கார்ந்து ஆளாளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தோம். காலேஜில் அவனோடு பேசியே இராத பெண்கள்கூட. ஒரு மாதத்தில் பழையபடி குட்மார்னிங் பூ வந்துவிட்டது, அது வேறு கதை. இப்போது யார் வெளியேறினாலும் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் இந்த வசூல் பேச்சு ஆரம்பித்த பிறகு சத்தமில்லாமல் போன இரண்டு பேரை நான் கவனிக்கவே பத்து நாள் ஆயிற்று.

என் யோசனையை ஏற்கனவே அங்கே சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். ஒரே நாள், சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை நாலு வரை, பாளையங்கோட்டையிலேயே. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அந்த பஸ் ரிசார்ட் வாசல் வரை போகாது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிந்தால் 'அவுக'ளும் முணுமுணுக்காமல் அனுப்புவார்கள். மே முதல் ஞாயிறு என்றார் ஒருவர், வழக்கமாக நீட் நடக்கிற நாள் அது, எங்களில் பாதிப் பேர் பிள்ளைகள் அந்த வயசில்தான் இருக்கிறார்கள். ஆடியில் வையுங்கள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். வாழை இலையில் சாப்பாடு போதும், ஆளுக்கு 300 ரூபாய் தாண்டாது. அதிகம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் யாருக்கும் தெரியாமல் சமையல்காரரிடம் கொடுங்கள்.

ஏழு அட்டையில் மூன்றுக்குப் பதில் வந்தது. ஒன்று, வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மற்ற மூன்றைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, அடுத்த வாரம் ஒரு ஊருக்கு நேரிலேயே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நேற்று ராத்திரி முக்கூடல்காரி தானாகவே கூப்பிட்டாள். அவுக சரின்னுட்டாகளாம். "எத்தன மணி பஸ்ஸுக்கு ஏறுனா சரியா இருக்கும்? எந்தத் தேதின்னு சொல்லு, முன்னாடியே கூடுதலா சுத்தி வச்சிட்டு வாரேன்" என்றாள். தேதி இன்னும் முடிவாகவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டி-ஷர்ட் கலர் முடிவாகிவிட்டது. மெரூன்.