ஜெயிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் சிரித்த மனிதர்

எங்கள் லேபில் ஒரு சொல் புழங்கியது. மூன்று நாளாக ஓடிய சிமுலேஷன் கடைசி அரை மணி நேரத்தில் படுத்துவிட்டால், பக்கத்து மேசையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் ஒருவர் சொல்வார்: "ஓமாஹா." பேப்பர் எல்லா ரவுண்டும் தாண்டி எடிட்டர் கைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அதே வார்த்தைதான்.

அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் டல்லஹாசிக்குப் படிக்கப் போன புதிதில் அது ஏதோ கெட்ட வார்த்தை என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஓமாஹா நெப்ராஸ்காவில் இருக்கும் ஓர் ஊர். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்று 1950 முதல் அங்கேதான் நடக்கிறது. எங்கள் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் மைக் மார்ட்டின் அந்த ஊருக்கு 17 முறை டீமைக் கூட்டிக்கொண்டு போனார். 17 முறையும் வெறுங்கையோடு திரும்பினார். அதனால் அந்த ஊரின் பெயரே எங்களுக்கு "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்பதன் சுருக்கம் ஆகிவிட்டது.

நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு எவ்வளவு அரைவேக்காடு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1980 முதல் 2019 வரை 40 சீசன். 2,029 வெற்றி, 736 தோல்வி, 4 டை. ஆடிய நூறில் எழுபத்து மூன்று ஜெயித்திருக்கிறார். நாற்பது வருடத்தில் ஒரு வருடம்கூட 40 வெற்றிக்குக் கீழே போனதில்லை. ஓமாஹாவில் முடியும் தேசியத் தொடரில் ஒரு வருடம்கூட இடம் தவறியதில்லை. கல்லூரி பேஸ்பாலில் இவரை விட அதிகம் ஜெயித்த பயிற்சியாளர் கிடையாது. பேஸ்பாலை விடுங்கள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எந்த ஆட்டத்திலும் 2,000 வெற்றியை முதலில் தொட்டவர் இவர்தான்.

கோப்பை? பூஜ்யம்.

2012 வசந்த காலத்தில் முதன்முதலாக அந்த மைதானத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். பேஸ்பாலில் என்னை முதலில் திகைக்கவைத்தது ஆட்டமே இல்லை, பயிற்சியாளரின் உடை. கிரிக்கெட்டில் கோச் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸுமாக பால்கனியில் உட்கார்ந்திருப்பார். இங்கே 68 வயதுப் பெரியவர், பையன்கள் போட்டிருக்கும் அதே பேன்ட், அதே பெல்ட், அதே தொப்பி, முதுகில் 11-ஆம் நம்பர் போட்டுக்கொண்டு, வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டின் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். பேஸ்பாலில் அதுதான் வழக்கமாம். பையன்கள் அவரைப் பெயர் சொல்லியெல்லாம் கூப்பிடுவதில்லை, "லெவன்"தான்.

ஐந்தாவது இன்னிங்ஸில் இன்னொரு அதிர்ச்சி. பி செக்ஷனில் இருந்த கூட்டம் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கனடா நாட்டின் தேசிய கீதத்தைப் பாட ஆரம்பித்தது. அமெரிக்காவில், புளோரிடாவில், கனடா கீதம்! ஏன் என்று பக்கத்தில் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார். நம்மூர்க் கோயில் சடங்குகளுக்குக் காரணம் கேட்டால் கிடைக்கும் அதே பதில். அன்றிலிருந்து எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

சரி, பயிற்சியாளர் வேலைக்கு வருகிறேன். அது என்ன வேலை என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் சிரித்தோம்.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து டீமுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் இருந்தது. பேஸ்பாலுக்கு? அவருடைய காலத்தின் பிற்பகுதி முழுக்க 11.7. ஆமாம், தசமப் புள்ளியோடு. அதை 27 பையன்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவனுக்கு அரை, ஒருவனுக்கு கால் என்று சந்தைக்கடையில் தராசு பிடிப்பது போல. மீதிப் பணத்தை அப்பா அம்மா கட்டுவார்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து "உங்கள் பையனை என்னிடம் விடுங்கள், ஆனால் முழு ஃபீஸ் தர முடியாது" என்று பேசிச் சம்மதிக்கவைப்பதும் கோச்சின் வேலை.

அப்படிப் பிடித்துவந்த பையனாவது கையில் நிற்பானா? பள்ளி முடிக்கும்போதே தொழில்முறை அணி அவனை டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் நிகழ்வில், எடுத்துப் பணம் காட்டலாம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை தொட மாட்டார்கள். அந்த நேரம் வந்ததும் நல்லவன் எல்லாரும் போய்விடுவான். அந்த டிராஃப்ட் அப்போதெல்லாம் ஜூன் மாதம், சரியாகத் தேசியத் தொடர் நடக்கும் நேரத்தில். நாளை வாழ்வா சாவா ஆட்டம், இன்று உங்கள் முதல் பிட்ச்சருக்கு (நம் பௌலர் மாதிரி) லட்சக்கணக்கில் டாலர் பேசுகிறார்கள். அவன் தலையைப் பந்துக்குத் திருப்ப வேண்டும்.

இப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை டீமே கரைந்துபோய்ப் புதிதாகக் கட்ட வேண்டிய இடத்தில் நாற்பது வருடம், வருடத்துக்கு 40 வெற்றி. வீட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடித்துக் கட்டி, ஒருநாள்கூட வெளியே படுக்காதவன் மாதிரி.

பஸ்டர் போஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் பள்ளி முடித்தபோது தொழில்முறை அணி ஒன்று அவரை 50-ஆவது சுற்றில், அதாவது ஒப்புக்கு, எடுத்தது. அவர் போகாமல் டல்லஹாசிக்கு வந்தார், ஷார்ட்ஸ்டாப்பாக. இரண்டாம் வருடம் மார்ட்டினும் அவருடைய உதவியாளர்களும் அவரைக் கேட்ச்சராக மாற்றினார்கள். நம் பாஷையில் சொன்னால், பாயின்ட்டில் பாய்ந்து பிடிக்கும் பையனிடம் கீப்பிங் கிளவுஸைக் கொடுப்பது. ஆனால் பேஸ்பாலில் கேட்ச்சர் பந்தைப் பிடிப்பவர் மட்டும் இல்லை, பிட்ச்சருக்கு அடுத்து என்ன போடுவது என்று சைகை காட்டுபவரும் அவர்தான். ஆட்டத்தின் மூளை அங்கே இருக்கிறது. 2008இல் போஸி நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். அதே ஜூனில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது. பிறகு 2010, 2012, 2014 என்று மூன்று முறை வேர்ல்டு சீரிஸ், தொழில்முறை பேஸ்பாலின் கோப்பை.

அந்த 2008இல் போஸியோடு ஓமாஹா போன புளோரிடா ஸ்டேட் என்ன ஆனது? இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி, வீடு.

1999 இன்னும் மோசம். மார்ஷல் மெக்டூகல் என்று ஒரு பையன், அந்த வருடம் மே 9 அன்று மேரிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவன். இறுதி ஆட்டம்வரை டீம் போனது. மயாமியிடம் 6-5 என்று தோற்றது. ஒரே ஒரு ரன். தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற டீமின் மெக்டூகலுக்குப் போனது. மார்ட்டின் கோப்பைக்கு அதைவிடப் பக்கத்தில் போனதே இல்லை. 1986இலும் இறுதிக்கு வந்தார், அரிசோனாவிடம் 10-2 என்று தோற்றார். நான் இருந்த 2012இலும் அரிசோனாவிடமே இரண்டு முறை தோற்று வெளியே வந்தார்கள். அந்த வருடம் கோப்பையைத் தூக்கியதும் அதே அரிசோனாதான்.

"பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர்" என்ற பட்டம் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் வேலையில்லாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓமாஹாவுக்கு வருவது எட்டு டீம். எல்லாம் சம பலம் என்று வைத்துக்கொண்டால் கோப்பை கிடைக்காமல் போக வாய்ப்பு எட்டில் ஏழு. அதைப் பதினேழு தடவை பெருக்குங்கள். கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து. அதாவது, இவ்வளவு தடவை போகும் பத்து கோச்சுகளில் ஒருவருக்கு, எந்தக் குறையும் இல்லாமலே, இது நடந்தே தீரும். அவர் டீம் சில வருடம் மற்றவர்களைவிட பலமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், அப்போது அந்தப் பத்து இன்னும் குறையும். குறையட்டும். குணத்தைக் குறைசொல்ல அது போதாது.

அதுவும் இது பேஸ்பால். தொழில்முறையில் மிகச் சிறந்த டீமே 162 ஆட்டத்தில் அறுபது தோற்கும். பிட்ச்சர் ஒருநாள் நூறு பந்து எறிந்தால் பல நாள் ஓய்வு வேண்டும். கல்லூரியில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நல்ல பிட்ச்சர் இருந்தால் சீசன் ஓடிவிடும். ஓமாஹாவில் இரண்டு தோற்றால் வெளியே. ஒன்று தோற்றாலே கூடுதல் ஆட்டங்கள் ஆடித்தான் மேலே வர முடியும், அப்போது நான்காவது, ஐந்தாவது பிட்ச்சர் கையில் பந்து போகும். அந்தப் பையனுக்கு அன்று கை ஒத்துழைக்கவில்லை என்றால் நாற்பது வருட அனுபவம் டக்-அவுட்டில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இதே பல்கலைக்கழகத்தில் பாபி பௌடன் இருந்தார். அமெரிக்கக் கால்பந்துக் கோச். அவருக்கும் இதே பட்டம் இருந்தது, கடைசி நேரத்தில் கோட்டைவிடுபவர் என்று. 1993இல் கோப்பை வந்தது. அடுத்த நாள் பட்டம் காணாமல் போய்விட்டது. முந்தின நாள் இருந்த அதே பௌடன்தானே!

மார்ட்டினைக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னை உறுத்துகிற விஷயமும் உண்டு. ஓய்வு பெற்றதும் வேலை அவருடைய மகனுக்குப் போனது. மகன் இருபது வருடத்துக்கும் மேல் அங்கே உதவிப் பயிற்சியாளராக உழைத்தவர், தகுதி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அப்பா நாற்பது வருடம் உட்கார்ந்த நாற்காலியில் மகனை உட்காரவைப்பது மகனுக்கே செய்யும் கொடுமை. எவ்வளவு ஜெயித்தாலும் அப்பாவோடு ஒப்பிடுவார்கள். மூன்றே சீசன், 2022இல் அனுப்பிவிட்டார்கள். அது எனக்கு இன்றுவரை ஏற்பில்லை, கொடுத்ததும் சரி, பறித்ததும் சரி.

மைதானத்தின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேடியத்தின் பெயர் டிக் ஹௌசர் ஸ்டேடியம். ஹௌசர் அதே கல்லூரியில் ஆடிப் பெயர் வாங்கியவர். ஆனால் அங்கே கோச்சாக இருந்தது 1979 ஒரே ஒரு சீசன். நியூயார்க் யாங்கீஸ் கூப்பிட்டதும் போய்விட்டார். பின்னால் 1985இல் கன்சாஸ் சிட்டிக்கு வேர்ல்டு சீரிஸ் வாங்கிக்கொடுத்தார். அவர் விட்டுப்போன வேலைதான் மார்ட்டினுக்கு வந்தது. அதற்கு முன் டல்லஹாசி கம்யூனிட்டி காலேஜில் பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவர், 1975 முதல் உதவியாளர், அவ்வளவுதான். 2005இல் ஸ்டேடியத்துக்குள் இருக்கும் மைதானத்துக்கு மட்டும் மார்ட்டின் பெயரை வைத்தார்கள். சுவர் ஹௌசர் பெயரில், புல் மார்ட்டின் பெயரில். வேலைக்குத் தகுந்த பங்கீடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2018 மார்ச்சில் ஆகி கரிடோ இறந்தார். 1,975 வெற்றியோடு அதுவரை உச்சத்தில் இருந்தவர், ஐந்து கோப்பை வாங்கியவர். ஏழு வாரம் கழித்து மே 5 அன்று மார்ட்டின் அவரைத் தாண்டினார். கை குலுக்க கரிடோ இல்லை.

2019 அவருடைய கடைசி வருடம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். டீம் சுமார்தான். தேசியத் தொடரில் இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். எப்படியோ கடைசி வரிசையில் நுழைந்து, ஜார்ஜியாவின் ஊரிலேயே ஜார்ஜியாவைத் தாண்டி, அடுத்து லூசியானாவில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான எல்எஸ்யு-வை 12 இன்னிங்ஸ் இழுத்து 5-4 என்று முடித்து ஓமாஹா போனார்கள். அப்போது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். மீட்டிங்கில் ஒரு காதில் இயர்போன். ஆர்கன்சாவை 1-0 என்று அடித்தபோது "இந்தத் தடவை எழுதிவைத்திருக்கிறது" என்று நம்பிவிட்டேன். மிச்சிகனிடம் 2-0, டெக்சாஸ் டெக்கிடம் 4-1, முடிந்தது. கடைசி இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து எங்கள் டீம் எடுத்தது ஒரே ஒரு ரன்.

அவர் போனபிறகுதான் அந்த "வருடத்துக்கு 40" என்ன என்று ஊருக்கே உறைத்தது. 2021, 2022, 2023, மூன்று வருடமும் டீம் 40ஐத் தொடவில்லை. 2023இல் 23 வெற்றி, 31 தோல்வி. 1974க்குப் பிறகு முதன்முதலாக ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்வரை குழாயை யார் பார்க்கிறார்கள்?

2024 பிப்ரவரி 1 அன்று மார்ட்டின் போய்ச்சேர்ந்தார், 79 வயதில். டிமென்ஷியா. அந்தச் சீசன் அப்போது தொடங்கக்கூட இல்லை. டீமின் கோச் லிங்க் ஜாரெட், தொண்ணூறுகளில் மார்ட்டினிடமே ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். அவர் அந்த வருடம் 49 ஜெயித்து டீமை மறுபடி ஓமாஹா கூட்டிப்போனார்.

ஜூன் 14, முதல் ஆட்டம், எதிரே டென்னஸி. கடைசி இன்னிங்ஸில் நாங்கள் 11-8 முன்னிலை. மூன்று ரன். லேபில் என் பக்கத்து மேசைக்காரருக்கு, பல வருடம் கழித்து, "பார்க்கிறீர்களா?" என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. டென்னஸி நான்கு ரன் எடுத்தது. 12-11.

பத்து நிமிடம் கழித்து போன் ஒலித்தது. ஒரே ஒரு வார்த்தை.

"ஓமாஹா."