புறக்கணிப்பு என்ற முத்திரையை யார் மேல் குத்துகிறோம்?

பெற்றோர் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதைப் பற்றிய நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

பன்னிரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தேன். ஒரே வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருத்திக்குத் தலை முழுக்கப் பேன். சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு. முதல் பீரியட் முடிவதற்குள் மேசையில் தலை சாய்ந்துவிடும். அம்மாவுக்கு இரவு வேலை, அப்பா இல்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பி ராத்திரி அழுதால் எழுந்து தூக்குவது எட்டு வயதுக்காரியான இவள்தான்.

இன்னொருவன் காரில் வந்து இறங்குவான். கரும்பலகையில் எழுதிப்போடுவதை நேராகப் பார்த்து எழுதமாட்டான், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துதான் எழுதுவான். அந்தப் பையன் லீவு போட்டால் இவன் நோட்டு வெள்ளையாகவே இருக்கும். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி டைரியில் மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்றுக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து மட்டும் திரும்பி வந்தது. நேரில் கேட்டபோது, "இந்த வயசுலயே சோடாபுட்டியா மேடம்? பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார்.

ஆசிரியர் அறையில் "வீட்ல கவனிக்கறதே இல்ல, எங்கயாவது சொல்லித்தான் ஆகணும்" என்று பேச்சு எழுந்தது முதல் பிள்ளையைப் பற்றி மட்டும்தான். நானும் தலையாட்டினேன். பையனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யார் வாயிலும் வரவில்லை.

அந்தத் தலையாட்டல்தான் என்னைச் சட்டம் படிக்க வைத்தது. நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் எழுதியவர்கள் நம் ஆசிரியர் அறையைவிட அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

கொடுமை என்பதைச் சட்டம் பிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார், அதற்குத் தடயம் இருக்கும். 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்" என்று சொல்லித் தூக்கிவரப்படும் குழந்தைகளின் எக்ஸ்ரேயில், ஏற்கெனவே உடைந்து தானாகக் கூடிய பழைய எலும்பு முறிவுகளும் தெரிகின்றன என்பதைக் காட்டினார்கள். சில வருடங்களுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் மருத்துவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

புறக்கணிப்புக்கு எக்ஸ்ரே கிடையாது. அங்கே குற்றம் என்பதே நடக்காமல் போன ஒன்று. ஆனால் அமெரிக்காவில் பாதிக்கப்பட்டதாக அதிகாரிகள் உறுதிசெய்யும் குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். 1974-ல் தொடங்கிய அவர்களது மத்தியச் சட்டமும், பராமரிப்பவர் செய்த செயல், அல்லது செய்யத் தவறியது, அதனால் விளைந்த கடுமையான தீங்கு, அல்லது உடனடியாக விளையக்கூடிய ஆபத்து என்றுதான் வரையறுக்கிறது. "செய்யத் தவறியது" என்பதற்கு எல்லை எங்கே? ஒரு நாளில் நான் என் பிள்ளைக்குச் செய்யத் தவறியதைப் பட்டியல் போட்டால் எனக்கே பயமாக இருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் 1933-லேயே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உணவு, உடை, மருத்துவ உதவி, இருக்க இடம் இவற்றைத் தராமல் விட்டால் புறக்கணிப்பு என்றது அந்தச் சட்டம். அடுத்த வரியில்தான் சூட்சுமம்: தன்னால் தர முடியாதபோது, அதைப் பெற அரசு உதவியை நாடாமல் இருந்தாலும் புறக்கணிப்பே. இல்லாமை குற்றம் இல்லை, இல்லை என்று போய்க் கேட்காததுதான் குற்றம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கப் போகும் இடத்தில் நம்மை எப்படி நடத்துவார்கள் என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அதே சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு 1980-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேல்சபையின் நீதிபதிகள் வரை போனது. பதினாறு மாதக் குழந்தை, குளிரிலும் ஊட்டச்சத்து இல்லாமலும் இறந்துபோயிருந்தது. பெற்றோர் சிறுவயதுக்காரர்கள், அறிவுத்திறன் குறைந்தவர்கள், ஏழைகள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தும் சும்மா இருந்தார்களா, அல்லது தெரிந்தால் என்ன தெரியாவிட்டால் என்ன என்று அக்கறையே இல்லாமல் இருந்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும், விவரமான பெற்றோர் என்ன செய்திருப்பார் என்று அல்ல என்று சொல்லி, பெரும்பான்மை நீதிபதிகள் தண்டனையை ரத்து செய்தார்கள். முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குழந்தை போய்விட்டதே! இரண்டாம் முறை படித்தபோதுதான், என் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, கையில் அகப்பட்டவர்கள் இவர்கள், அவ்வளவுதான் என்று உறைத்தது.

இதுவரை நான் படித்ததில் தெளிவான வரையறை, ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2011-ல் வெளியிட்ட விளக்கம். குழந்தையின் உடல், மனத் தேவைகளை நிறைவேற்றாமல் விடுவது, ஆபத்திலிருந்து காக்காமல் விடுவது, மருத்துவம் போன்ற சேவைகளைப் பெற்றுத்தராமல் விடுவது எல்லாம் புறக்கணிப்பு. ஆனால் எப்போது? பொறுப்பில் இருப்பவருக்கு அதற்கான வசதியும், அறிவும், அந்தச் சேவை எட்டும் நிலையும் இருக்கும்போது.

இந்த மூன்றையும் அந்த இரண்டு பிள்ளைகள் மேலும் வைத்துப் பாருங்கள். பேன் தலைக்காரியின் அம்மாவிடம் மூன்றில் எது இருந்தது? சோடாபுட்டி அப்பாவிடம் மூன்றில் எது இல்லை?

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 75. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ, கைவிட்டாலோ, கொடுமை செய்தாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ, அது குழந்தைக்குத் தேவையற்ற உடல் அல்லது மனத் துன்பம் தரக்கூடியதாக இருந்தால், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். "வேண்டுமென்றே" என்ற சொல் கவனமாக வைக்கப்பட்டது. கூடவே ஒரு விதிவிலக்கும் உண்டு: பெற்றவர்கள் தங்கள் கையை மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்டிருந்தால், அது வேண்டுமென்றே செய்ததல்ல என்றே கொள்ள வேண்டும். நல்ல விதி. கைவிடுவதற்குக் காட்டிய இந்தக் கருணையைப் புறக்கணிப்புக்கும் வெளிப்படையாக எழுதியிருக்கலாமே என்பது என் குறை.

(பாலியல் வன்முறை இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வெளியே. போக்சோவில் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தை, சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.)

"அப்போ ஏழை வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்தா கண்டுக்காம விட்றதா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பசிக்கிற வயிற்றுக்குக் காரணம் ஏழ்மையா அலட்சியமா என்று தெரியாது. ஆனால் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதே 2015 சட்டத்தில் பிரிவு 2(14) என்று ஒன்று, "கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" யார் என்று தனியாக வரையறுக்கிறது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாத குழந்தையும் அதில் வரும். அங்கே கேள்வி "இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்பது. பிரிவு 75-ல்தான் "யாருடைய தவறு?" என்ற கேள்வி வருகிறது. சட்டம் இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வைத்திருக்கிறது. நாம்தான் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டு, முதல் கேள்விக்குப் பதிலாக ஒரு குற்றவாளியைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

எது கொடுமை, எது புறக்கணிப்பு என்ற எல்லைக்கோட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. 1979-ல் ஸ்வீடன், பெற்றோர் அடிப்பதையே உலகில் முதல் நாடாகத் தடை செய்தது. 2004-ல் கனடா உச்ச நீதிமன்றம் கண்டிப்புக்காக லேசாக அடிப்பதை அனுமதித்துவிட்டு, இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, பதின்வயதில் கூடாது, பெல்ட் கூடாது, தலையில் கூடாது என்று பட்டியல் போட்டது (படிக்கும்போது ஏதோ விளையாட்டு விதிமுறை மாதிரி இருக்கும்). 2018-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், விவரம் தெரிந்த பிள்ளை தனியாகப் பள்ளிக்கு நடந்து போவதும் வெளியே விளையாடுவதும் புறக்கணிப்பு ஆகாது என்று சட்டத்தில் எழுத வேண்டி வந்தது. அதையும் எழுதித்தான் தீர வேண்டும் என்ற நிலைக்கு அதற்கு முன்னால் எத்தனை பெற்றோர் பயந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேன் தலைக்காரி விஷயத்தில் கடைசியில் புகார் எதுவும் போகவில்லை. தலைமை ஆசிரியை அவள் அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டாமல், தம்பியை ராத்திரியில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீடு கிடைத்தது. இரண்டு வாரத்தில் பிள்ளை முதல் பீரியடில் விழித்திருந்தாள். பேன் மட்டும் பாதி வகுப்புக்குப் பரவிவிட்டது, அது வேறு கதை.

அந்தப் பையன் வருடம் முடியும்வரை பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதினான். கண் பரிசோதனை பற்றி டைரியில் நான்காவது முறை நான் எழுதவில்லை.