செம்புக்கு ஞாபகம் கிடையாது

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் ஏசியைப் போட்டேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும் என்று கழற்றிக் கழுவி மாட்டினேன். பலனில்லை. மெக்கானிக் வந்தார், மாடிக்குப் போனார், போன வேகத்தில் இறங்கி வந்தார். "சார், குழாயையே காணோம்."

போய்ப் பார்த்தேன். வெளியே வைக்கும் பெட்டி அப்படியே நிற்கிறது, கீறல்கூட இல்லை. அதிலிருந்து சுவருக்குள் போகும் இரண்டு செம்புக் குழாய்கள் மட்டும் இல்லை. இரு முனையிலும் ஒரே வெட்டு. குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் உறையை நிதானமாக உரித்து, பாம்புச் சட்டை போலத் தரையில் விட்டுப் போயிருந்தான். அந்த உறையைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அவசரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியவன் இல்லை இவன். உறையோடு கொண்டுபோனால் கடைக்காரன் எடையில் கழிப்பான் என்று தெரிந்து, உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

அத்தனை குழாயையும் சேர்த்தால் ஒரு கிலோ தேறினால் அதிகம் என்றார் மெக்கானிக். எனக்கு ஆனதோ புதுக்குழாய், புது உறை, வாயு நிரப்புதல், கூலி, ஒரு நாள் விடுப்பு. என் கையை விட்டுப் போன காசில் இருபதில் ஒரு பங்குகூட அவன் கைக்குப் போயிருக்காது. மற்ற களவுகளில் இப்படி நடப்பதில்லை. என் பணப்பையை ஒருவன் அடித்தால் நான் இழந்தது அவனிடம் இருக்கும். உலோகத் திருட்டில் நான் இழந்ததில் பெரும்பகுதி யாரிடமும் இல்லை, வெறுமனே அழிந்துபோகிறது.

ஒரு வீட்டின் ஏசி போனால் வியர்வையோடு போயிற்று. ரயில் தண்டவாளத்தின் ஓரம் ஓடும் சிக்னல் கேபிளை வெட்டினால்? சிக்னல் அமைப்பில் எங்கே கோளாறு வந்தாலும் விளக்கு சிவப்பில் போய் நிற்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் சில மீட்டர் கேபிளுக்காக ஒரு தடம் முழுக்க ரயில்கள் வரிசையில் நிற்கும். மின் துணை நிலையத்தின் எர்த் கம்பியை அறுப்பது அதைவிட மோசம். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. பழுது வரும் நாளில் பூமிக்குள் இறங்க வேண்டிய மின்சாரம் ஓர் ஊழியரின் உடல் வழியாக இறங்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் 2022-ல் ஆறாவது தெருப் பாலத்தைப் புதிதாகத் திறந்தார்கள். வளைவு வளைவாக, இரவில் விளக்கு போட்டால் படம் எடுக்கக் கூட்டம் கூடும் பாலம். கொஞ்ச காலத்திலேயே இருண்டுவிட்டது. விளக்குகளுக்குப் போன செம்பு ஒயரில் ஏறத்தாழ 11 கிலோமீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜார்ஜியா நாட்டில் 2011 மார்ச்சில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 75 வயதுப் பாட்டி ஒருவர் பழைய செம்பு கிடைக்குமா என்று மண்வெட்டியால் தோண்டியிருக்கிறார். மண்வெட்டி பட்டது கண்ணாடி இழைக் கேபிளில். அதற்குள் எடைக்குப் போட ஒன்றுமே கிடையாது. பக்கத்து நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதிக்கு அன்று பல மணி நேரம் இணையம் இல்லை. இணையம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாராம் அந்தப் பாட்டி.

சரி, இந்த உலோகத்தின் மேல் ஏன் இத்தனை ஆசை? திருடனைத் திட்டி முடித்த பிறகு இந்தக் கேள்விதான் எனக்குள் நின்றது. கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

இன்றைய செம்புச் சுரங்கங்களில் வெட்டும் தாதுவில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் செம்பு இருக்கிறது. என் மாடியிலிருந்து போன அந்த ஒரு கிலோவுக்காக, எங்கோ ஒரு மலையில் நூறு கிலோவுக்கு மேல் பாறையை உடைத்து, அரைத்து, கழுவி, உருக்கியிருப்பார்கள். பழைய செம்பு வந்தால் அத்தனையும் மிச்சம். 1085 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கி, கசடை எடுத்தால் போதும். அலுமினியத்தில் இது இன்னும் அப்பட்டம். பாக்சைட் என்ற தாதுவிலிருந்து அலுமினா என்ற தூளை எடுத்து, அதை மின்னாற்பகுத்து அலுமினியம் ஆக்க மின்சாரம் ஆறாக ஓட வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்க அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். தூக்கிப்போட்ட காலி டின்னுக்குள் ஏற்கெனவே செலவழித்த மின்சாரம் உறைந்து கிடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் மறுசுழற்சி செய்யச் செய்யத் தரம் இறங்கும். காகிதத்தின் இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகும். உலோகம் அப்படியில்லை. ஒழுங்காகச் சுத்திகரித்த பழைய செம்புக்கும் சுரங்கத்திலிருந்து நேற்று வந்த செம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உலகம் பயன்படுத்தும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழையதிலிருந்துதான் வருகிறது. உலைக்குள் போனதும் அது தண்ணீர்க் குழாயாக இருந்ததா, கோயில் மணியில் கலந்திருந்ததா, என் ஏசியில் இருந்ததா என்பதெல்லாம் கரைந்துபோகிறது. நாம் மெச்சிக்கொள்ளும் அந்தக் குணம்தான் திருடனுக்கும் வசதி. திருடிய வைரத்தைக்கூடக் கண்டுபிடிக்கலாம், திருடிய காரில் எண் இருக்கிறது. திருடிய செம்பு ஒருமுறை உருகிவிட்டால் அது செம்பு, அவ்வளவுதான்.

ஹென்றி மூர் என்ற சிற்பியின் வெண்கலச் சிலை ஒன்று, சாய்ந்து படுத்திருக்கும் உருவம், 2 டன்னுக்கு மேல் எடை. இங்கிலாந்தில் அவருடைய அறக்கட்டளை வளாகத்திலிருந்து 2005 டிசம்பரில் கிரேன் வைத்த லாரியோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் மதிப்பு 30 லட்சம் பவுண்டு என்றார்கள். கலைப்பொருள் கடத்தும் கும்பல், ரகசியமாக வாங்கும் கோடீஸ்வரர் என்றெல்லாம் ஊகங்கள் பறந்தன. போலீஸ் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு வேறு. துண்டு போட்டு உருக்கிவிட்டார்கள், அதில் கிடைத்தது அதிகபட்சம் 1,500 பவுண்டு. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! என் குழாய்த் திருடன் இதோடு ஒப்பிட்டால் நல்ல வியாபாரி.

(ரோட்ஸ் தீவின் பிரம்மாண்ட வெண்கலச் சிலைக்கும் இதே கதிதான் என்பார்கள். கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்து பல நூற்றாண்டு அப்படியே கிடந்ததாம். அப்புறம் ஒரு வியாபாரி வாங்கி, 900 ஒட்டகங்களில் ஏற்றிப் போனார் என்று கதை. ஒட்டகக் கணக்கை வரலாற்றாளர்கள் நம்புவதில்லை. உலக அதிசயத்தையே எடைக்குப் போட்டார்கள் என்பதை நம்ப எனக்குச் சிரமமில்லை.)

உலோகம் தன் பழைய வாழ்க்கையை மறக்காமல் வைத்திருந்த சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் 1983 கடைசியில், ஒரு மருத்துவமனையின் கிடங்கில் சும்மா கிடந்த கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம், கடுகு போன்ற ஆயிரக்கணக்கான மணிகள். அவை பழைய இரும்போடு கலந்து உலைக்குள் போய்க் கட்டடக் கம்பியாகவும் மேசைக் கால்களாகவும் வெளியே வந்தன, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போயின. 1984 ஜனவரியில் கம்பி ஏற்றிய ஒரு லாரி வழி தவறி லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தின் பக்கம் போனது. அங்கே இருந்த கதிர்வீச்சு உணரி அலறியது. டிரைவர் சரியான திருப்பத்தில் திரும்பியிருந்தால் விஷயம் எப்போது வெளியே வந்திருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பிரேசிலின் கோயானியாவில் அப்படி அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1987 செப்டம்பரில், கைவிட்ட ஒரு சிகிச்சை நிலையத்துக்குள் புகுந்த இருவர் ஈயம் கிடைக்குமென்று ஒரு கனமான உருளையைக் கழற்றினார்கள். அதைக் காயலான் கடைக்காரர் வாங்கினார். இருட்டில் உள்ளிருந்து நீல ஒளி வந்தது. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோய், சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பங்கு கொடுத்தார். அது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. 249 பேர்மேல் கதிரியக்க மாசு படிந்திருந்தது, லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோயானியாவில் யாரும் அந்தக் கடைக்காரரை ஏமாற்றவில்லை, அவரும் யாரையும் ஏமாற்றவில்லை. "இது எங்கேயிருந்து வந்தது?" என்ற ஒரு கேள்வி தராசுக்கு முன்னால் வரவில்லை, அவ்வளவுதான்.

தராசுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பழைய சாமான் போடப் போனபோது பார்த்திருக்கிறேன். கடைக்காரர் முதலில் ஒரு காந்தத்தை வைப்பார். ஒட்டினால் இரும்பு, ஓரமாகப் போ. ஒட்டாததை அரத்தால் ஒரு கீறு கீறுவார். சிவப்பு தெரிந்தால் செம்பு, மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மேலே மஞ்சள் உள்ளே வெள்ளை என்றால் முலாம் பூசிய மலிவுச் சரக்கு. ஒயரில் பளபளக்கும் செம்புக்கு ஒரு விலை, உறையைக் கொளுத்தி எடுத்த கறுத்த செம்புக்குக் குறைந்த விலை. கையில் வாங்கும்போதே எடை சொல்வார். உலோகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, உலோகத்தைக் கொண்டுவந்தவனைப் பற்றி மட்டும் அவர் எதையும் கேட்பதில்லை. இரண்டடி நீளத்தில் சீராக வெட்டிய ரயில்வே கேபிள், நகராட்சி முத்திரையோடு சாக்கடை மூடி, பாதி எரிந்த ஒயர்ச் சுருள் எல்லாம் எங்கே பிறந்தவை என்று சொல்ல அவருக்கு அரம்கூட வேண்டாம்.

என் கட்சி இதுதான்: பிடிக்க வேண்டிய இடம் தராசு. மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் காவல் போட எந்த நாட்டாலும் முடியாது. உருகிய பிறகு தேடியும் பயனில்லை. நடுவில், தட்டில் விழும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பொருளுக்கு முகம் இருக்கிறது.

இங்கிலாந்தில் பட்ட பிறகுதான் புரிந்துகொண்டார்கள். 2011 டிசம்பரில் லண்டன் பூங்கா ஒன்றில் பார்பரா ஹெப்வொர்த் என்ற சிற்பியின் வெண்கலச் சிற்பமும் போனது. தேவாலயக் கூரைகளின் ஈயத்தகடு தொடர்ந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். 2013-ல் புதுச் சட்டம் வந்தது. கடைக்கு உரிமம் வேண்டும், விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அதன் பின் திருட்டு நன்றாகவே குறைந்தது. அதே ஆண்டுகளில் உலோக விலையும் இறங்கியது என்பதால் முழுப் புகழையும் சட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் பெயரைச் சொல்லிப் பணம் வாங்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிப் போவார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கென்யா வேறு வழியில் போனது. மின் கோபுரங்களைச் சிதைத்ததால் நாடே இருண்டது என்று சொல்லி, 2022 ஜனவரியில் பழைய உலோக வியாபாரத்தையே ஒட்டுமொத்தமாக நிறுத்தினார்கள். மே மாதம் மறுபடி திறந்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. நடுவில் அந்த மாதங்களில் யார் பட்டினி கிடந்திருப்பார்கள்? கோபுரத்தை அறுத்தவன் கிடந்திருக்க மாட்டான்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. "இந்தக் குப்பை பொறுக்குபவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்" என்றான் என் கதையைக் கேட்ட ஒருவன். சாக்கு மூட்டையோடு தெருத்தெருவாகப் போகிறவர் எடுப்பது நாம் தூக்கிப்போட்டதை. அலுமினியத்துக்குச் சொன்ன அந்த 5 சதவீதக் கணக்கை நடைமுறையில் சாத்தியமாக்குவது அவர் கைகள்தான், அதற்கு அவருக்குக் கிடைக்கும் மரியாதை நாய்க்குரைப்பு. அவரிடம் வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் கேட்டு வாசலில் நிறுத்தினால் திருட்டு நிற்காது, மறுசுழற்சிதான் நிற்கும். ஒரு மூட்டை டின்னுக்கு விதி தளர்வாகவே இருக்கட்டும். கேபிள், குழாய், ஈயத்தகடு, சாக்கடை மூடி, வண்டியிலிருந்து அறுத்த வினையூக்கி மாற்றி (புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் வைக்கும் பாகம்), இவற்றுக்குக் காகிதம் கேட்கட்டும். வினையூக்கி மாற்றியை எந்தக் குப்பைத் தொட்டியிலும் யாரும் கண்டெடுக்க முடியாது. அதற்குள் இருக்கும் ரோடியம் என்ற அரிய உலோகம் 2021-ல் அவுன்ஸ் 20,000 டாலருக்கு மேல் போனபோது, நிறுத்தி வைத்த காருக்கு அடியில் படுத்து இரண்டே நிமிடத்தில் அறுத்துக்கொண்டு போனார்கள். அதை வாங்கியவர்கள் மூட்டை தூக்குபவர்கள் இல்லை. எடைப் பாலமும் கணினியும் கணக்குப்பிள்ளையும் வைத்திருப்பவர்கள்தான். கேட்க வேண்டியதை அவர்களிடம் கேட்க வேண்டும்.

மெக்கானிக் இரண்டாம் நாள் புதுக்குழாயோடு வந்தார். சுவருக்குள்ளும் பெட்டியிலும் எஞ்சியிருந்த பழைய முனைகளை அறுத்து எடுத்தார், இரண்டும் சேர்ந்து ஒரு சாண் இருக்கும். வேலை முடிந்து பையைக் கட்டும்போது, "இதை நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்றார். எடுத்துக்கோங்க என்றேன். எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். தெருப் பெயரைச் சொன்னார். "ஏதாவது கேப்பாங்களா?"

"என்ன கேப்பாங்க?" என்றார், நான் எதைக் கேட்கிறேன் என்று நிஜமாகவே புரியாமல்.