ஹேக் ஆகலங்க, என் மூஞ்சியத்தான் திருடியிருக்கான்!

காலையிலருந்து வரிசையா போனு. "உன் வாட்ஸ்அப்ப ஹேக் பண்ணிட்டாங்களாமே, கவனமா இருக்கக் கூடாதா"ன்னு எனக்கே அட்வைஸ். ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல! எவனோ என் டிபிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து புது நம்பர்ல போட்டு, என் பேர டைப் பண்ணி, "பழைய போன் உடைஞ்சிடுச்சு, இதான் புது நம்பர், அவசரமா பணம் வேணும், சாயங்காலம் தந்துடறேன்"னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கான். அத்தை யோசிக்காம அனுப்பிட்டாங்க. மருந்துக்குன்னு எடுத்து வச்ச காசு அது. வயிறு எரியுது.

பேரு, போட்டோ ரெண்டும் ஆதாரமே இல்லங்க. எவன் வேணா எத வேணா வச்சுக்கலாம், எந்த ஆப்பும் நீ யாருன்னு கேக்கறதில்ல, ஆனா ஸ்க்ரீன்ல கண்ணுக்கு மொதல்ல படறது அது ரெண்டும்தான். நாம சேவ் பண்ணாத நம்பர்னா அந்தாளு வச்சுக்கிட்ட பேருக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ~ இப்படி ஒரு குறி வருது, அந்தக் குட்டி வளைவுக்கு என்ன அர்த்தம்னு அத்தைக்கு யாரு சொல்லிக் குடுத்தா? யூசர்நேம் வச்சு ஓடற ஆப்ல இன்னும் மோசம், இங்கிலீஷ் சின்ன எல்லுக்கு பதிலா பெரிய ஐ போட்டா எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

நிஜமாவே அக்கவுண்ட் பறிபோறது வேற கதை. ஃப்ரெண்டு நம்பர்லருந்தே "தப்பா உனக்கு ஒரு 6 இலக்க கோட் வந்திருக்கும், அனுப்பேன்"னு வரும். அனுப்பினா போச்சு, அதுதான் உங்க அக்கவுண்ட்டோட சாவி. அப்படி ஆயிட்டா உடனே உங்க நம்பர வச்சு திரும்ப ரெஜிஸ்டர் பண்ணுங்க, உள்ள இருக்கிறவன் தானா வெளிய போயிடுவான். ஆனா அவன் முந்திக்கிட்டு டூ ஸ்டெப் பின் (அந்த கோட் போக கூடுதலா கேக்கற ரகசிய நம்பர், செட்டிங்ஸ்ல நாமளே வைக்கிறது) வச்சிருந்தா நீங்க உள்ள போக 7 நாள் காத்திருக்கணும். அந்த பின்ன நாமளே இன்னிக்கே வச்சுட்டா என்ன? 2017லருந்து இருக்கு, ஒரு நிமிஷ வேலை, என் வீட்லயே பாதி பேரு வைக்கல.

டிபிய காண்டாக்ட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வைங்க. புது நம்பர்னு மெசேஜ் வந்தா பழைய நம்பருக்கு ஒரு கால் போடுங்க, கிடைக்கலைன்னா நமக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தக் கேளுங்க. கேட்டா நான் கோச்சுக்க மாட்டேன், சத்தியமா.

அத்தை பயத்துல அந்த சாட்டயே அழிச்சிட்டாங்க. ரிப்போர்ட் பண்ணா கடைசி 5 மெசேஜ் வாட்ஸ்அப்புக்குப் போகும், நம்ம கையிலயும் அவன் நம்பர், பேசினதெல்லாம் இருந்திருக்கும். இப்ப காட்ட எதுவுமே இல்ல. ஏன் அழிச்சாங்க தெரியுமா? ஃபேமிலி குரூப்ல ஒருத்தர் "இது கூடவா தெரியாது"ன்னு போட்டாரு பாருங்க, அதுக்கப்புறம்தான். திருடன ஒரு வார்த்த சொல்லல அவரு. அத்தை இன்னும் மாமாகிட்ட சொல்லவே இல்ல.