நாற்றைத் தூக்குமுன் தண்ணீரை அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக் கரையில் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) நடப் போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாவி கடலோடு சேரும் ஆற்றுவாய் மணலால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நம் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. அதனால் கண்டல் பிழைக்கும் உயரமும் ஒடுங்கியது. ஒரு சாண் பள்ளத்தில் நட்டால் மூழ்கி அழுகும், ஒரு சாண் மேட்டில் நட்டால் கோடையில் உப்புப் பூத்துக் கருகும். பாலமீன்மடுவிலோ கல்லாறிலோ வாய் அடைபட்டால் நீர்மட்டம் ஏறி வாரக்கணக்கில் இறங்காது.

ஆகவே அளவுத்தடி ஊன்றி, மாரி, கோடை இரண்டையும் கண்டு, ஒரு வருடம் நீர்மட்டமும் உப்பும் எழுதுங்கள். பக்கத்தில் தானாக வளர்ந்த கண்டலின் அடிமண் உயரத்தை, மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் ரியூப்பால் நடும் இடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். இடையில் பழைய வரம்போ ரோட்டு மண்ணோ தண்ணீரை மறித்தால் அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். வெட்டினால் பல இடங்களில் விதை தானாக மிதந்து வந்து ஊன்றும், நடவே தேவைப்படாது.

கண்டல் சேற்றில் சேர்ந்து கிடக்கும் காபனின் கணக்கும் தண்ணீரில்தான் நிற்கிறது. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பில் கிடக்கும் முற்றா நிலக்கரி போலவே கண்டல் சேற்றிலும், காற்றுப் புகாதவரை காபன் கிடக்கும். தண்ணீரை வடித்தால் காற்றுப் பட்டுக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். ஒரு மீற்றர் ஆழத்துக்குச் சேறெடுத்து, 60 பாகையில் உலர்த்தி, கன சென்ரிமீற்றருக்கு 0.6 கிராம் உலர்சேறு, அதில் காபன் 5 வீதம் என்று வந்தால், ஹெக்டேருக்கு 300 தொன் காபன். அத்தனையும் காற்றுப் பட்டுச் சிதைந்தால் ஏறத்தாழ 1,100 தொன் காபனீரொட்சைட்டு. குழாயை அடித்து இறக்கினால் சேறு நசுங்கிக் கணக்குப் பிழைக்கும். பக்கவாட்டில் வெட்டியெடுக்கும் அரைக்குழாயே நல்லது.

நன்னீரை மட்டும் தேக்கி மீட்பது ஆபத்து, சேற்றிலிருந்து மெதேன் வாயு கிளம்பும். 100 வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டை விட 27 மடங்கு சூடாக்கும். உப்பு ஆயிரத்துக்கு 18க்கு மேல் இருந்தால், கடல்நீரின் சல்பேற்று பெரும்பாலும் அதை அடக்கிவிடும். மெதேனை அளக்க மூடிய பெட்டியைச் சேற்றில் வைத்து 10 நிமிடத்துக்கொரு முறை காற்றெடுப்பார்கள். அப்போது சேற்றை மிதித்தால் குமிழிகள் கிளம்பி, இல்லாத மெதேனையும் காட்டிவிடும். பலகைப் பாதை போட்டு, அதில் நின்றுதான் எடுக்க வேண்டும்.